பெயர் சொல்ல ஒரு கல்

நாட்டின் பாதுகாப்பும் அன்றாடப் பிழைப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் பகுதி, சென்னையின் மேற்குப் புறநகர். 'டேங்க் பேக்டரி' என்று உள்ளூர் மக்கள் அழைக்கும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவில் தயாரான முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப் படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மையம் என்று அடுத்தடுத்து எத்தனையோ வளாகங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆலை வாயில்களில் காவல் பணியில் நிற்பவர்களுள் பலர் முன்னாள் படைவீரர்கள்.

டாங்கியும் சீருடையும் செய்து அனுப்பும் இந்த ஊர்கள், தம் பிள்ளைகளையும் அனுப்பியிருக்கின்றன. அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. நம் தெருவிலிருந்து, நம் வார்டிலிருந்து படைக்குச் சென்று உயிர் துறந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பெயர் சொல்ல முடியும்? வளாகச் சுவர்களுக்குள் உரிய நாள்களில் துப்பாக்கி தாழ்த்தி அஞ்சலி செலுத்தப்படுகிறது. சுவருக்கு வெளியே இருக்கும் நமக்கு அந்த எக்காளத்தின் ஓசைகூட எட்டுவதில்லை.

இறந்த வீரனை நினைப்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் வீரனுக்குக் கல் எடுக்கும் முறையை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, அதைக் கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஊரே பங்கேற்ற சடங்கு அது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களும், செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பிற்கால நடுகற்களும் இந்த மரபுக்குச் சான்று.

இந்த நடுகற்களில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவற்றுள் பல, பெரும் போர்களில் மாண்ட மன்னர்களுக்கு உரியவை அல்ல. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்விட்ட எளிய வீரர்களுக்கு உரியவை. அவற்றில் பொறிக்கப்பட்ட செய்தியும் சுருக்கமானது. வீரனின் பெயர், அவன் ஊர், அவன் எந்தப் பூசலில் இறந்தான் என்பவையே அதில் இருக்கும். யார், எங்கிருந்து, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தருவதே நினைவுச் சின்னத்தின் முதற்கடமை என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இதே கடமையை வேறொரு வகையில் நிறைவேற்றும் இடம், பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையிலேயே இருக்கிறது. பரங்கிமலை - பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கம் அருகே உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் 1952-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிப்புக்கு உறுதியில்லாத பல கல்லறைத் தோட்டங்களிலிருந்து இரண்டாம் உலகப் போர்க்கால வீரர்களின் எச்சங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. 850-க்கும் மேற்பட்டோர் இங்கு உறங்குகின்றனர். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இப்பகுதிகளில் வேறெங்கோ புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது. பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு இல்லாமல் ஒவ்வொருவரும் பெயரால் நினைக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். ஆனால், அந்தக் கொள்கை எல்லோருக்கும் சமமாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 74,000 இந்திய வீரர்கள் இறந்தனர். 1931-இல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட்டில் பொறிக்கப்பட்ட பெயர்களோ சுமார் 13,000. ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பெருமளவில் பெயர் குறிக்கப்படாமலும் சமமற்ற முறையிலும் விடப்பட்டதை 2021-ஆம் ஆண்டில் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. நூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு பெயர் விடுபட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சுதந்திர இந்தியாவில் நினைவு கூரும் முறை மெல்ல மெல்லத்தான் உருப்பெற்றது. 1971 போரின் வெற்றிக்குப் பின், 1972-ஆம் ஆண்டு குடியரசு நாளில் இந்தியா கேட்டின் கீழ் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. பெயர் அறியா வீரர்கள் அனைவருக்குமான பொதுச் சுடர் அது. தனித்தனிப் பெயர்களுடன் கூடிய தேசியப் போர் நினைவுச் சின்னத்துக்கு நாடு 2019 பிப்ரவரி 25 வரை காத்திருந்தது. வட்ட வட்டமாக அமைந்த அந்தச் சின்னத்தின் கருங்கல் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. 2022 ஜனவரியில் பழைய சுடர் புதிய சுடருடன் இணைக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் குடும்பங்களின் துயரம் எப்படி இருந்தது? கார்கில் போருக்கு முன்பு வரை, போர்முனையில் இறந்தவர்களின் உடல்கள் பெரும்பாலும் அங்கேயே எரியூட்டப்பட்டன அல்லது அடக்கம் செய்யப்பட்டன. வீட்டுக்கு வந்தது தந்திதான். அதன் பிறகு ஒரு கடிதம், சில நேரங்களில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் துணிமணிகளும் கடிகாரமும் எழுதி முடிக்காத கடிதமும் இருக்கும். உடலைக் காணாத தாய், மரணத்தை முழுமையாக நம்புவதில்லை. தெருமுனையில் சீருடை தெரியும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்த தாய்மார்கள் உண்டு.

1999-இல் கார்கிலில் உயிர்நீத்த 527 பேரின் உடல்களைச் சொந்த ஊருக்கு அனுப்பும் முறை பரவலானபோது இந்நிலை மாறியது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வந்தது. போர் என்றால் என்ன என்பதைச் செய்தித்தாளில் மட்டுமே படித்திருந்த சிற்றூர்கள் அதைத் தம் மண்ணிலேயே கண்டன. மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனின் உடல் பல வாரங்களுக்குப் பிறகே மீட்கப்பட்டது. திருச்சியில் இன்று அவருக்கு நினைவிடம் இருக்கிறது. 2014-இல் சோபியானில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனை ஒரு திரைப்படம் இளைய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது. 2020-இல் கல்வானில் உயிரிழந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

இவையெல்லாம் நல்லவை. ஆனால், நினைவுக்கும் ஒரு படிநிலை இருக்கிறது என்பதை இவை மறைத்துவிடக் கூடாது. எந்தப் போர், எந்தப் படை, எந்த வகை மரணம் என்பதைப் பொறுத்து ஒருவர் நினைக்கப்படுகிறார் அல்லது மறக்கப்படுகிறார்.

தமிழகத்துக்கு மிக நெருக்கமான சான்று, இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படை. 1987 ஜூலை இறுதியில் சென்ற அப்படை 1990 மார்ச் 24 அன்று முழுமையாக வெளியேறியது. இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்தனர். 1987 நவம்பர் 25 அன்று உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையில் அவர் பெயரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதைக் கடந்து போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நாள்தோறும் செல்லும் பல்லாயிரம் பேரில், அந்தப் பெயர் யாருடையது என்று அறிந்தவர் மிகச் சிலரே.

அம்பத்தூரில் என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் அந்தப் படையில் இருந்தார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். உடல் அங்கேயே எரியூட்டப்பட்டது. தந்தி மட்டும் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினர். 'நம் சனங்களோடு சண்டை போடவா போனான்?' என்று ஒருவர் அவருடைய தாயின் காதுபடவே கேட்டார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அதன்பிறகு மகனைப் பற்றி வெளியாரிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். நண்பர்களாகிய நாங்கள் போகும்போது மட்டும் அலமாரியைத் திறந்து, அவன் எழுதிய இன்லண்டு கடிதங்களை எடுத்துக் காட்டுவார். வடை சுட்டுத் தருவார். 'இவனுக்கு இது பிடிக்கும்' என்று நிகழ்காலத்தில்தான் சொல்வார்.

ஈழத் தமிழர் அந்த ஆண்டுகளில் பட்ட துன்பம் உண்மை. அதை எழுதாமல் அந்தப் போரைப் பற்றி எழுத முடியாது. 1990-இல் படை திரும்பியபோது அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்பில் பங்கேற்காததற்கும் அதுவே பின்னணி. ஆனால், கொள்கையை வகுத்தவர்கள் வேறு, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சென்ற இருபத்தைந்து வயது இளைஞர்கள் வேறு. அரசின் முடிவை மறுப்பவரும் அந்த இளைஞனின் தாய்க்கு ஆறுதல் சொல்லலாம். ஒன்றுக்கொன்று முரணில்லை. அமெரிக்காவை இரண்டாகப் பிளந்த வியத்நாம் போரில் இறந்த 58,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை, 1982-இல் வாஷிங்டனில் ஒரு கருங்கல் சுவரில் பொறித்தனர். பதவி குறிப்பிடப்படாமல், இறந்த நாள் வரிசையில் பெயர்கள் மட்டுமே அதில் உள்ளன. போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அந்தச் சுவரில் தமக்குரிய பெயரைத் தேடித் தொட்டுப் பார்க்கின்றனர். நம் படையினருக்கோ, இலங்கையின் தலைநகரப் பகுதியான கோட்டேயில், 2008-ஆம் ஆண்டிலேயே பெயர்களுடன் சின்னம் எழுந்தது. அவர்கள் பெயர்களைத் தாங்கிய தேசியச் சின்னம் தில்லியில் அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்தே வந்தது.

அடுத்தது, குண்டுபடாமல் இறந்தவர்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் நிலையின் மீது பனிச்சரிவு விழுந்தது. 19-ஆவது மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவுக்காக நாடே வேண்டியது. அவரும் பிப்ரவரி 11 அன்று இறந்தார். எதிரி யாரும் சுடாத அந்த மரணம், போர் மரணத்துக்கு எவ்வகையில் குறைந்தது?

அதே ஆண்டு ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்தது. அதில் 29 பேர் இருந்தனர். நீண்ட தேடலுக்குப் பின், இறந்ததாகக் கருதப்படுகிறது என்ற அறிவிப்பு குடும்பங்களுக்கு வந்தது. பொதுவாக ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். இதுபோன்ற விபத்துகளில் குடும்பத்தின் உதவித்தொகைகள் தடைபடாமலிருக்க அந்த முடிவு முன்னதாகவே எடுக்கப்படுகிறது. சட்டத்துக்கு அது தேவை. மனத்துக்கு அது போதாது. 2024 ஜனவரியில், சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், அந்த விமானத்தின் உடைந்த பாகங்களை நம் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் படம் பிடித்தது. ஏழரை ஆண்டுகள் அந்த இல்லங்களில் திதி கொடுப்பதா, வேண்டாமா என்ற கேள்வி உயிரோடு இருந்திருக்கும்.

மூன்றாவது, சீருடை வேறுபாடு. ஆவடியில் பயிற்சி பெற்றுச் செல்லும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர், உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையின் தாக்குதலில் அப்படையினர் பத்துப் பேர் இறந்தனர். அந்த நாளே காவலர் வீரவணக்க நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. 2010-இல் தந்தேவாடாவில் 76 பேர், 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 பேர் என இழப்புகள் தொடர்ந்தன. புல்வாமாவில் தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியும் அரியலூர் மாவட்டம் கார்குடியும் தலைக்கு ஒரு மகனை இழந்தன. இவர்களுக்கான தேசிய நினைவிடம் தில்லி சாணக்கியபுரியில் 2018-இல் தனியாகத் திறக்கப்பட்டது. நிர்வாகத்துக்குப் படைகள் வெவ்வேறாக இருக்கலாம். வீட்டில் மாட்டப்படும் படத்துக்கு மாலை ஒன்றுதான்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இழப்பீடு பற்றியும் சில சொல்ல வேண்டும். ராணுவத்தில் குடும்ப ஓய்வூதியம் மூன்று வகைப்படும். பணியோடு தொடர்பில்லாத மரணம் எனில், பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. பணியின் காரணமாக நேர்ந்தது எனில் 60 விழுக்காடு. போர், பயங்கரவாதத் தாக்குதல் போன்றவற்றில் எனில் முழு ஊதியம். இவை தவிர, சூழ்நிலையைப் பொறுத்து ரூ.25 லட்சம் முதல் ரூ.45 லட்சம் வரை மத்திய அரசின் கருணைத் தொகை 2016 முதல் நடைமுறையில் உள்ளது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர் பணியின் காரணமாக இறந்தால் ரூ.48 லட்சம் காப்பீடும் ரூ.44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு. ஆனால் குடும்ப ஓய்வூதியம் இல்லை.

ஆக, ஒரு மரணம் எந்த வகையில் பதிவாகிறது என்பது ஒரு குடும்பத்தின் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அந்த வகைப்பாட்டை எதிர்த்து நீதிமன்றங்களுக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்கும் செல்லும் விதவைகளும் பெற்றோரும் உண்டு. மொத்தமாக வரும் பெருந்தொகை ஒரு பாதுகாப்பைத் தருவது போலத் தோன்றும். ஆனால், அது விலைவாசியோடு போட்டியிட்டுத் தோற்கக்கூடியது. உறவினர் கைகளில் கரையக்கூடியது. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அப்படியன்று.

தொகை வந்த பிறகு தொடங்கும் மற்றொரு துயரமும் உண்டு. மனைவிக்கா, பெற்றோருக்கா என்ற கேள்வி, ஒரே மனிதனை இழந்த இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. 2017 நவம்பர் வரை, வீரதீர விருது பெற்றவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே விருதுக்குரிய மாதத் தொகை அவருக்குத் தொடரும் என்ற விதி இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்வை இப்படிக் கட்டிப்போடுவது நினைவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்த நிபந்தனை நீக்கப்பட்டது நல்ல முடிவு. பெற்றோருக்கு உரிய பங்கை, பூசலுக்கு இடமில்லாமல் தொடக்கத்திலேயே வரையறுப்பது அடுத்த தேவை.

பொருளாதாரத்தில் விலை வேறு, மதிப்பு வேறு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்போம். இழப்பீடு என்பது இழந்த வருவாய்க்கு ஈடு. இழந்த மனிதருக்கு ஈடு அன்று. அந்த இரண்டாவது கடனைப் பணத்தால் தீர்க்க முடியாது. பெயரைச் சொல்லித்தான் ஓரளவு தீர்க்க முடியும்.

குடும்பங்கள் தம்மால் இயன்ற வகையில் அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. திதி நாளில் இலை போட்டு, வானொலிப் பெட்டியின் பக்கத்தில் பதக்கத்தைத் துடைத்து வைக்கின்றன. பேரனுக்கு அந்தப் பெயரையே சூட்டுகின்றன. உடன் பணியாற்றிய நண்பர்கள், விடுப்பில் ஊர் திரும்பும்போது வழியில் இறங்கி அந்த வீட்டுக்குச் சென்று ஒருவேளை உணவு உண்டுவிட்டுப் போகின்றனர். எந்த விதிப் புத்தகத்திலும் நண்பனுக்கு இடமில்லை. ஆனால், கடைசி நாள்களில் அவன் என்ன பேசினான், எதற்குச் சிரித்தான் என்று தாய்க்குச் சொல்லக்கூடியவன் அந்த நண்பன் மட்டுமே. தாயும் நண்பனும் மறையும்போது அந்த நினைவும் மறையும். அந்த இடத்தில்தான் ஊர் முன்வர வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆவடி மாநகராட்சி, அம்பத்தூர் மண்டலம், பூந்தமல்லி நகராட்சி ஆகிய ஒவ்வொன்றும் தம் எல்லையிலிருந்து சென்று பணியில் இறந்தவர்களின் பட்டியலைத் தொகுக்கலாம். முன்னாள் படைவீரர் நலத் துறையின் மாவட்ட அலுவலகங்கள் இதற்கு உதவ முடியும். முப்படை, துணை ராணுவம் என்ற பாகுபாடும், குண்டா, பனிச்சரிவா, விபத்தா என்ற பாகுபாடும் அந்தப் பட்டியலில் வேண்டாம். குடும்பத்தின் இசைவோடு, பூங்காவிலோ நூலகத்திலோ பேருந்து நிலையத்திலோ மக்கள் நடமாடும் இடத்தில் ஒரு கல் நாட்டி, பெயர், ஊர், இறந்த இடம், நாள் ஆகியவற்றை மட்டும் பொறித்தால் போதும். அரசியல் தலைவர்களின் படங்களும் திறந்து வைத்தவரின் பெயரும் அந்தக் கல்லில் இடம்பெற வேண்டியதில்லை.

அந்த வீரர் படித்த பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை, அவர் இறந்த நாளில், காலை வணக்கக் கூட்டத்தில் அவர் பெயர் ஒலிக்கலாம். டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியலில் பணம் போடுவதோடு, மாணவர்கள் அந்தக் குடும்பத்தைச் சென்று பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வரலாம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மகனை இழந்த பெற்றோர் இன்று மிகச் சிலரே உயிரோடு இருக்கின்றனர். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய நமக்கு அதிக ஆண்டுகள் இல்லை.

போரைப் போற்றுவதற்காக அன்று இது. இறந்தவர்களின் பெயர்களைத் தொடர்ந்து படிக்கும் சமுதாயம், அடுத்த பெயரைச் சேர்ப்பதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்கும். டாங்கி எத்தனை செய்தோம் என்ற கணக்கு ஆவடியில் துல்லியமாக இருக்கிறது. எத்தனை பிள்ளைகளைக் கொடுத்தோம் என்ற கணக்கும் அதே ஊரில், அனைவரும் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).